தீபாவளிக்கு முந்தின ராத்திரியே எங்கள் கூலி வேண்டும்: சென்னைக் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தியாகராய நகரிலும் புரசைவாக்கத்திலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை நடத்திவரும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புரட்டாசி பாதியில் கடை வாசலில் 'ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்கவிடுவீர்களே, அதைப் பார்த்து உள்ளே வருகிற பெண்களில் நானும் ஒருத்தி. 11 வருடத்தில் ஐந்து கடைகளில் தீபாவளி சீசன் பார்த்திருக்கிறேன். மடிப்பில் நின்றிருக்கிறேன். டெலிவரி கவுண்டரில் பில்லையும் துணியையும் சரிபார்த்துப் பை கொடுத்திருக்கிறேன். ஒரு சீசன் முழுக்க மாடிப்படி ஓரம் நின்று, "சில்க் மூணாவது மாடிக்கா, பசங்க டிரஸ் அஞ்சாவது மாடி" என்று சொல்வதே என் வேலையாக இருந்தது. வீடு வியாசர்பாடியில்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பேசிய கூலியைத் தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி கடை மூடும்போது எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுப்போம் என்பதை வேலைக்குச் சேருகிற அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களுக்கு அது ஏன் சின்னது இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

காலையில் பெரம்பூரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கி, பெருக்கித் துடைக்கிறேன். அந்தச் சம்பளம் 5ஆம் தேதிக்குள் வந்துவிடும், வீட்டு வாடகைக்குச் சரியாகிவிடும். வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸில் லோடு ஏற்றி இறக்குகிறார். அவர் கொண்டுவருவது அரிசி, கேஸ், கரண்ட் பில், அவருடைய அம்மாவின் மாத்திரை என்று போய்விடும். இந்த இரண்டு வரவிலும் சேராத செலவுகள் இருக்கின்றன. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், நாத்தனார் வீட்டுச் சீர், பல் பிடுங்கினது, பண்டிகைத் துணி. இவை எல்லாவற்றுக்கும் நாங்கள் நம்பியிருப்பது சீசன் வேலையில் வருகிற மேல்வரும்படியைத்தான். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இப்படித்தான் வருடத்தை ஓட்டுகிறார்கள். எங்களிடம் காலண்டரைக் கொடுத்தால் எந்த மாதம் எந்த வேலை என்று பிசகாமல் சொல்லிவிடுவோம்.

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் கோயம்பேட்டில் பொங்கல் சிறப்புச் சந்தை போடுவார்கள். நாலு பேர் பணம் போட்டுக் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் எடுத்து, குட்டி யானை வண்டியில் ஏற்றிவந்து தெருமுனையில் போட்டு விற்போம். போகி அன்றைக்கு ஒரு விலை இருக்கும். பொங்கல் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் அந்தக் கரும்பைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நிறைய. கல்யாண மண்டபத்தில் காய் நறுக்க, இலை எடுக்க, பாத்திரம் கழுவ ஆள் கேட்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுப்பது ஒரு வேலை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொசப்பேட்டையில் மண் பிள்ளையார் தயாராகும் அதே நாட்களில், எங்கள் வீட்டுத் திண்ணையில் வண்ணக் காகிதமும் மூங்கில் குச்சியுமாகப் பிள்ளையார் குடை தயாராகும். டஜன் கணக்கில் கூலி. ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டே என் மாமியாரும் ஒட்டுவார். ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும், கார்த்திகைக்கு அகல் விளக்கு, மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் சபா கேன்டீனில் மாவரைக்க, பாத்திரம் கழுவ. அதே மார்கழியின் கடைசியிலும் தை பிறக்கிற சமயத்திலும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும். போன இரண்டு வருடமும் என் மகள் அங்கே ஒரு ஸ்டாலில் பில் போட்டாள்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் வரிசையாகச் சொல்கிறேன் என்றால், இந்த வேலைகள் எதிலும் என் கூலிக்காக நான் இரண்டாம் தடவை போய் நின்றதில்லை. மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்து அண்டாவைக் கவிழ்த்ததும் மேஸ்திரி அடுப்படிக்குப் பின்னாலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். மிஞ்சின சாம்பாரையும் ஒரு தூக்கில் ஊற்றித் தருவார். பிள்ளையார் குடை எடுக்க வரும் ஆள் சைக்கிளில் வருகிறவர். குடையை எண்ணி வாங்கினால் அங்கேயே காசு. புத்தகக் காட்சியில் என் மகளுக்கு வேலை கொடுத்தவர் பெரிய பதிப்பாளர் ஒன்றும் இல்லை. கடைசி நாள் சாயங்காலம் பெட்டி கட்டுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, கவரில் போட்டுக் கொடுத்து, கூடவே இரண்டு புத்தகமும் கொடுத்து அனுப்பினார். கையில் முதல் இல்லாதவர்கள் எல்லாம் அன்றன்றைக்குக் கணக்கு முடிக்கிறார்கள். ஏழு மாடியும் ஏ.சி.யும் நகரும் படிக்கட்டும் வைத்திருக்கிற இடத்தில்தான் எனக்கு, "தீபாவளி முடிஞ்சு வாம்மா" என்று பதில் கிடைத்திருக்கிறது.

2023இல் நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். அக்டோபர் 13ஆம் தேதி சேர்ந்தேன். நாளுக்கு 450 ரூபாய், மத்தியானச் சாப்பாடு கடையில், காலை ஒன்பதரைக்கு வரவேண்டும், ராத்திரி கூட்டம் அடங்கியதும் போகலாம் என்று வாயால் சொன்னார்கள். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. 11ஆம் தேதி ராத்திரி வரை ஒரு நாள் விடாமல் 30 நாள் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து நாள் ரங்கநாதன் தெருவில் நீங்களே இறங்கி நடந்திருக்க மாட்டீர்கள், அவ்வளவு ஜனம். மடித்து வைத்த சேலையை அடுத்த நிமிஷம் நாலு பேர் பிரித்துப் போடுவார்கள், மறுபடி மடிப்போம். பாலிதீன் கவரைப் பிரித்துப் பிரித்து விரல் நுனியில் தோல் உரிந்துவிடும். ராத்திரி வீட்டுக்குப் போய்க் காலை ஊன்றினால் கால் என்னுடையது மாதிரியே இருக்காது. அதற்கு நான் குறை சொல்லவில்லை. சீசன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே வருகிறோம். எனக்கு அந்த வேலை பிடிக்கவும் செய்யும். கடைசி நேரத்தில் ஒரு தகப்பன் பிள்ளைக்குச் சட்டை சைஸ் தெரியாமல் திண்டாடும்போது, "என்ன வயசுண்ணா? கொஞ்சம் பெரிசாவே எடுங்க, அடுத்த பொங்கலுக்கும் ஆவும்" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் முகம் மலர்ந்து போவதைப் பார்ப்பது ஒரு நிறைவு.

11ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு ஷட்டர் இறங்கியது. நாங்கள் பதினேழு பேர் கேஷ் கவுண்டர் பக்கத்தில் நின்றோம். சூப்பர்வைசர் தம்பி வந்து, கணக்கு பார்க்கிறவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார், புதன்கிழமை வாங்க என்றார். ஆளுக்குக் கால் கிலோ ஸ்வீட் டப்பா கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னார், அவரும் எங்களை மாதிரி சம்பளத்துக்கு நிற்கிறவர். புதன்கிழமை போனேன், ஸ்டாக் எடுக்கவில்லை என்றார்கள். அடுத்த வாரம் இரண்டு தடவை போனேன். டிசம்பர் 2ஆம் தேதி, நாலாவது தடவையாகப் போனபோது பணம் கிடைத்தது. 13,500 ரூபாய் வரவேண்டும். சரக்கு குறைந்தது என்று பிரிவில் இருந்த எல்லாருக்கும் தலைக்கு 1,100, கட்டின யூனிஃபார்ம் சேலைக்கு 600, இரண்டையும் பிடித்துக்கொண்டு 11,800 கொடுத்தார்கள். சேலையைப் பற்றிச் சேரும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு மறுநாள் ராத்திரி மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. 4ஆம் தேதி வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர். தீபாவளிக்கு என்று சம்பாதித்த பணம் மெத்தைக்கும் மிக்சிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் போயிற்று.

புயல் உங்கள் குற்றம் இல்லை. ஆனால் தீபாவளி? பிள்ளைகளுக்குத் துணி எடுக்காமல் இருக்க முடியுமா? நவம்பர் 10ஆம் தேதியே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது, தண்டல்காரரிடம் போனேன். 10,000 ரூபாய்க்கு 9,000தான் கையில் தருவார். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மாசி பிறந்த பிறகும் கட்டிக்கொண்டிருந்தேன். வட்டியாகப் போன அந்த 1,000 ரூபாய் உங்கள் கடையில் நான் இரண்டு நாளைக்கு மேல் நின்று சம்பாதித்தது. உங்களுக்கு அந்த மூன்று வாரத் தாமதம் ஒரு கணக்குப் பிள்ளையின் லீவு. எனக்கு அது 100 நாள் கடன்.

மேல்வேலைக்கு வருகிறவர்களின் கணக்கு இங்கேதான் மாதச் சம்பளக்காரர்களுடையதிலிருந்து மாறுகிறது. மாதச் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் அடுத்த மாதம் சரிக்கட்டலாம். சீசன் பணத்துக்குத் தேதி உண்டு. தீபாவளிப் பணம் தீபாவளிக்கு முன் வரவேண்டும், ஃபீஸ் பணம் ஃபீஸ் கட்டும் கடைசி நாளுக்குள் வரவேண்டும். தேதி தாண்டி வந்தால் தொகை அதே தொகை, உபயோகம் பாதிதான்.

இனி சட்டம். எனக்குப் பத்தாம் வகுப்புதான். என் மகள் தேடி, படித்து, எனக்குப் புரியும்படி சொன்னாள். வேலையை விட்டு நிறுத்தினால் அதுவரை சம்பாதித்த கூலியை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டத்திலேயே இருந்ததாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே இரண்டு வேலை நாள்தான். நாள் கணக்கில் கூலி பேசியிருந்தால் அன்றன்றைய ஷிப்ட் முடிந்ததும் கொடுக்க வேண்டும் என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறதாம். அதை அவள் படித்துச் சொன்னபோது நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். சரக்கு குறைந்தால் யாருடைய கவனக்குறைவால் குறைந்ததோ அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம், கூட்டத்தோடு எல்லார் தலையிலும் பங்கு போட முடியாது என்பதும் பழைய சட்டம்தான். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் பார்த்தால் இரண்டு மடங்கு கூலி என்று இருக்கிறது. நான் பார்த்தது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்தக் கணக்கை நான் இதுவரை எந்தக் கடையிலும் எழுப்பியதில்லை. எழுப்பினால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம்.

2021இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் இதைப் பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டோம். நல்ல கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. நான் கடைசியாக இருந்த இடத்திலும் இருந்தது, ஆனால் நிரந்தர ஆட்களுக்கு மட்டும். சீசன் ஆளின் முழங்காலும் முழங்கால்தானே.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் எழுதவில்லை. பணத்தை முன்கூட்டிக் கொடுத்தால் கூட்டம் முற்றுகிற நேரத்தில் வேறு கடையில் 50 ரூபாய் கூடுதல் என்று ஓடிவிடுகிறார்கள் என்பீர்கள். ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், கூட நின்று பார்த்திருக்கிறேன். ஒருத்தி போனால் அவளுடைய வேலையும் எங்கள் தலையில்தான் விழும். அதற்குத்தான் சொல்கிறேன்: பதினைந்தாம் நாள் பாதிக் கூலி, கடைசி நாள் ராத்திரி மீதி. மீதி உறுதியாகக் கிடைக்கும் என்று சீட்டில் எழுதியிருந்தால் யாரும் நடுவில் போக மாட்டார்கள். கையில் சீட்டு இல்லாததால்தான் போகிறார்கள். கடைசி நாள் ராத்திரி அத்தனை பேருக்கும் கணக்கு முடிப்பது சிரமம் என்றால், முந்தின நாள் வரைக்குமான கணக்கைச் சாயங்காலமே கவரில் போட்டு வைத்துவிடுங்கள். கடைசி ஒரு நாள் கூலியை மட்டும் ராத்திரி சேர்த்தால் போதும். லட்சக்கணக்கான பில்லை அன்றைக்கு ராத்திரியே ஒரு ரூபாய் பிசகாமல் முடிக்கிற கவுண்டர்கள் உங்களுடையவை. பதினேழு கவர் அதற்குப் பெரிய பாரம் இல்லை.

உங்களில் இப்படிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரசைவாக்கத்தில் ஒரு பாத்திரக்கடை. மூன்று வருடம் அங்கே ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை இருந்தேன். அண்ணாச்சி கடைசி நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கணக்கைப் படித்துக் காட்டி, "சரியா இருக்காம்மா, எண்ணிப் பாத்துக்கோ" என்பார். எண்ணிப் பார்த்தால் எப்போதும் 200 கூட இருக்கும். அவர் கடையில் நடுவில் ஓடினவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கடை சின்னது, இப்போது மகன்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால் மூடிவிட்டார். அந்தக் கடை இருந்த இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு கனக்கும்.

ராத்திரி வீடு திரும்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகளிருக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு பகலில் பெரிய நிம்மதி. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் அந்த பஸ்ஸும் கிடைக்காது, மெட்ரோவும் முடிந்துவிடும். மாம்பலத்தில் மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைத் தாண்டி சென்ட்ரல் மூர் மார்க்கெட்டில் வேறு வண்டி மாறி, வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி நடக்க வேண்டும். ஒரு வண்டி தவறினால் நாலு பேர் சேர்ந்து ஆட்டோ, அன்றைய கூலியில் கால்வாசி போய்விடும். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் மட்டுமாவது வடசென்னைப் பக்கம் ஒரு வேன் போட முடியுமா என்று நீங்கள் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து யோசித்தால் நன்றாக இருக்கும். இது வேண்டுகோள்தான். கூலி மாதிரி உரிமையாகக் கேட்கவில்லை.

இந்த மடலைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். ஐயா, எடைக் கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை வைப்பது உங்கள் துறைதான் என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன். பண்டிகை நேரத்தில் ஸ்வீட் டப்பாவில் எடை சரியா, விலை அச்சடித்திருக்கிறதா என்று பார்க்க உங்கள் அதிகாரிகள் கடைக்கு வருவதை நானே கண்டிருக்கிறேன். அதே அதிகாரிகள் அதே கடையில், அன்றைக்கே, சீசன் ஆட்களில் நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு என்ன கூலி பேசினார்கள், எந்தத் தேதியில் தருவதாகச் சொன்னார்கள், சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் போதும். நாங்கள் உங்கள் அலுவலகத்துக்கு வந்து புகார் எழுதுவது நடக்காத காரியம். நீங்கள் திறந்திருக்கும் நேரம் முழுக்க நாங்கள் கவுண்டரில் நிற்கிறோம். சீசன் முடிந்து வரலாம் என்றால் ஒருநாள் வீட்டு வேலை கெடும், பஸ் பிடித்து வந்தால் எந்த மாடி, எந்த சார் என்று கேட்டுக்கொண்டே பொழுது போய்விடும். புரட்டாசியிலேயே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கடை வாசலில் 'ஆட்கள் தேவை' என்று தொங்கும் அட்டையிலேயே நாள் கூலி, வேலை நேரம், கூலி தரும் தேதி மூன்றும் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆள் கேட்கும்போதே தெரிந்துவிட்டால் பாதித் தகராறு வராது.

முதலாளிமார்களே, இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி கணக்கு முடிக்க வேண்டியிருக்கும். நவராத்திரிக்கு முன்னால் அட்டை தொங்கவிடுவீர்கள், நானும் வருவேன். எங்கள் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வருவார்கள், அவர்களில் இரண்டு பேருக்கு இதுதான் முதல் சீசன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர், சேர்ந்த தேதி, நாள் கூலி, என்னென்ன பிடிப்பீர்கள், கடைசி நாள், பணம் தரும் நாள் என்று என் மகள் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். அடுத்த பக்கங்களில் தேதியும் வந்த நேரமும் போன நேரமும் நாங்களே எழுதிக்கொள்கிறோம். முதல் பக்கத்தை மட்டும் நிரப்பி, உங்கள் மேனேஜரைக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டு, கடை சீல் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து,
உங்கள் டெலிவரி கவுண்டரில் நின்ற ஒருத்தி